நூற்று முப்பத்தோராவது விண்ணப்பம்

வாய்க்கரிசித் தட்டு தலைமாட்டிலிருந்து புறப்பட்டுவிட்டது. முன் அறையில் அப்போது இருந்தவர்கள் இவர்கள். தலைமாட்டில், ஈர வேட்டியோடு முக்காலியில் சுலோஜனாவின் அண்ணன் தங்கராசா. அவருக்குப் பின்னால், அழுது தொண்டை கட்டிப்போன அவர் மனைவி, மச்சாள். கால்மாட்டில், பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி மாமி; அப்பாவின் ஒரே தங்கை. வலப்புறச் சுவரோரம் பாயில் அயல் பெண்கள் ஏழு பேர். கதவு நிலையில் சாய்ந்தபடி விதுர்ஷா. முற்றத்துப் பந்தலில், வாடகைக் கதிரைகளின் கடைசி வரிசையில், கைப்பைகளை மடியில் வைத்தபடி சபைச் சகோதரிகள் இருவர். அவர்களுக்குப் பக்கத்தில் பாஸ்டர். விதுர்ஷாவின் தாய் சுலோஜனா இடப்புறச் சுவரோரம் தனியே இருந்தாள். அங்கிருந்து பார்க்க, அப்பாவின் மூக்கும், நெற்றித் திருநீறும், கதவு வழியாகப் பாஸ்டரின் கறுப்புச் சப்பாத்தும் தெரிந்தன.

ஒரே மகள் என்பதால் அவள்தான் முதலில் போட வேண்டும். அவள் எழும்பாததைக் கண்டு மாமி தட்டை மற்றப் பக்கத்தால் சுற்றவிட்டாள். எப்படியும் கடைசியில் அது அவளிடம் வரும்.

காலையில் பந்தலுக்குள் வந்ததுமே பாஸ்டர் அவளை ஒரு பக்கம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “பக்கத்துல இருங்க சிஸ்டர், அழுங்க. அப்பாதானே. சடங்குல மட்டும் கை வைக்காதீங்க. ஆண்டவருக்குக் கீழ்ப்படியிற பிள்ளை ரெண்டு வீட்டுக்குப் பிள்ளையா இரிக்க ஏலாது.” கடுமையாகச் சொல்லவில்லை. அவர் கடுமையாகப் பேசுகிறவர் அல்ல.

பதினொரு வருடத்துக்கு முன், கட்டாருக்குப் போன புருசன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான் என்ற செய்தி வந்தபோது, கல்லடி வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் சொந்தக்காரர் அல்ல. சபைப் பெண்கள்தான் சோற்றுப் பார்சலோடு வந்தார்கள். நாற்பது நாள் வந்தார்கள். ‘நீங்க ஆண்டவருக்குச் சொந்தம்’ என்று அவர்களில் ஒருத்தி சொன்ன அன்றுதான் சுலோஜனா பார்சல் முழுவதையும் தின்றாள். சொந்தத்தில் வந்தவர் அப்பா ஒருவரே. வெள்ளிக்கிழமைகளில் ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடியைக் கடந்து சைக்கிளில் வருவார். மீன் பையைக் கொடுப்பார், தண்ணீர் குடிப்பார், போய்விடுவார்.

அந்த மனிதர் நரகத்துக்குப் போவார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை தோறும் கொழும்பிலுள்ள ஜெப ஊழியம் ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். அச்சடித்த படிவம்: பெயர், வயது, தேவை. தேவை என்ற இடத்தில் எப்போதும் ஒரே சொல், ‘இரட்சிப்பு’. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: மரித்தோருக்கான விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா. ஒவ்வொன்றுக்கும் எண்ணும் தேதியும் போட்டு, கொப்பியில் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொள்வாள். இதுவரை நூற்று முப்பது.

ஐந்து நாளைக்கு முன்புதான் அது நிறைவேறப் பார்த்தது. அப்பாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள்.

“மகள், உன்ட பாஸ்டர் நேத்து வந்து தலையில கை வெச்சார். நல்ல மனிசன். கைதான் ஐஸ் மாதிரி.”

“உங்களுக்காக ஜெபிச்சவர் அப்பா.”

“ஓம், ஓம். நானும் யோசிச்சன். நாப்பது வருசமா இந்த வாவியில முழுகி மீன் புடிச்சவன். உனக்காக இன்னொரு முழுக்குப் போட்டா என்ன, கரைஞ்சா போயிருவன்?”

ஞானஸ்நானத்துக்குச் சரி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

“பொறு புள்ள. ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லோணும். முழுகாமச் செத்தா எனக்கு எங்க? நரகந்தானே?”

“ஓம் அப்பா.”

“அப்ப உன்ட அம்மா?”

அம்மா கண்ணகை இருபத்தாறு வருடத்துக்கு முன், உன்னிச்சை வட்டையில் கூலிக்கு நெல் வெட்டிக்கொண்டிருந்தபோது பாம்பு கடித்து, உழவு மெசின் பெட்டியில் ஏற்றி வரும் வழியிலேயே போய்விட்டவள். நாற்பத்துநாலு வயது. இயேசுவைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்ததே சந்தேகம்.

“அம்மா எங்க புள்ள?”

ஒரு பொய் போதும். தெரியாது என்றாலும் போதும். பதினொரு வருடமாகப் படித்ததை, படித்தபடியே சொன்னாள்.

“அம்மா ஏத்துக்கல்லியே அப்பா.”

அவர் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “அப்ப அங்கதான்” என்றார். “அவளுக்குச் சூடு ஒண்ணாதே புள்ள. அடுப்படியில ரெண்டு நிமிசம் நிண்டாலே வேர்த்துக் கொட்டும். மறுகா என்னத்தான் ஏசுவாள்.” சிரித்தார். “இருபத்தாறு வருசமாத் தனிய இரிக்காள். நான் போய் விசிறி விடோணும். முழுக்கு வேணா மகள். பாஸ்டருக்குச் சொல்லு, கோவமில்ல எண்டு.”

மிச்சக் கஞ்சியை முழுவதும் குடித்தார். பிறகு அவள் காலையும் மாலையும் கெஞ்சினாள். அவர் அவளுடைய புறங்கையைத் தட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

தட்டு வந்துவிட்டது.

“இந்தா, போடு” என்றாள் மாமி.

சுலோஜனாவின் கைகள் மடியிலேயே கிடந்தன.

“என்னகா பாக்காய்? அரிசி கடிக்குமா?”

“என்னால ஏலா மாமி.”

“என்னத்துக்கு ஏலா? வெள்ளிக்கு வெள்ளி மீன் வாங்கின கைதானே அது?”

“மாமி, விடுங்க” என்றார் அண்ணன்.

“நான் விட்டுட்டன்டா. அந்தா கிடக்காரே என்ட அண்ணன், அவர விடச் சொல்லு.”

அயல் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கதவு நிலையிலிருந்து விதுர்ஷா வந்து தட்டை வாங்கினாள். பதினேழு வயது. அவளும் சபைப் பிள்ளைதான். தாயின் முகத்தைப் பார்த்தாள். சுலோஜனா தலையை ஒருமுறை அசைத்திருந்தால் தட்டைக் கீழே வைத்திருப்பாள். முற்றத்தில் பாஸ்டரின் சப்பாத்து அசையவில்லை. சுலோஜனாவும் அசையவில்லை. விதுர்ஷா மூன்று முறை போட்டாள். ஓர் அரிசி கன்னத்தில் உருண்டு காதோரம் போய் நின்றது. அதைத் தட்டிவிட சுலோஜனாவின் கை எழுந்தது. பாதியில் திரும்பி மடிக்கு வந்தது.

கடற்கரை மணலில் புதைத்துவிட்டு ஆண்கள் திரும்பும்வரை பாஸ்டர் காத்திருந்தார். புறப்படும்போது வாசல் படலையில் நின்று, கையில் ஹெல்மெட்டோடு கேட்டார்.

“கடைசியில ஏதும் சொன்னாரா சிஸ்டர்? ஒரு சொல்லாவது? மனசுக்குள்ள ஏத்துக்கிட்டிருப்பார். நமக்கென்ன தெரியும்?”

அவர் அவளுக்கு ஒரு வழி விட்டுக்கொடுக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது.

“சொன்னவர் பாஸ்டர்.”

“என்ன சொன்னார்?”

“அம்மா இரிக்கிற இடம் போதுமாம்.”

பாஸ்டர் ஹெல்மெட்டைக் கையில் இரண்டு தரம் சுற்றினார். “இனி நாம ஜெபிக்க ஏலாது சிஸ்டர். போனவங்களுக்காக இல்ல. அதுவும் கீழ்ப்படிதல்தான்.”

“ஓம் பாஸ்டர்.”

ஹெல்மெட்டை மாட்டுமுன் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் கண்டாள்.

எட்டாம் நாள், மாதத்தின் முதல் திங்கட்கிழமையாக இருந்தது. அண்ணன் வீட்டில் அப்பாவின் படத்துக்கு முன் வாழையிலையில் சோறும் மீன்குழம்பும் படைத்திருந்தார்கள். சுலோஜனா குசினி வாசலில் பலகையில் இருந்து, மடியில் கொப்பியை வைத்து அதன்மேல் படிவத்தை விரித்தாள். மாமி ஒரு மூடிய கோப்பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“இது படைக்காத சோறு. உனக்கெண்டு முதலே எடுத்து வெச்சன். பயப்படாமத் தின்.”

சுலோஜனா எழுதினாள். பெயர்: நல்லரத்தினம். வயது: 78. அதற்குக் கீழே இடமில்லாத இடத்தில் இன்னொரு வரி எழுதினாள். பெயர்: கண்ணகை. வயது: 44. தேவை என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது. மச்சாள் முற்றத்தைக் கூட்டி முடிக்கும்வரை நின்றது. பிறகு ‘ஒரே இடம்’ என்று எழுதினாள். கொப்பியில் 131 என்று எண் போட்டுப் பிரதி எடுத்தாள். படிவத்தை மடித்து உறையில் இட்டாள்.

கடல்காற்றுப் பட்டு உறையின் பசை செத்துப்போயிருந்தது. ஒட்டவில்லை.

“மாமி, ரெண்டு சோத்துப் பருக்கை வேணும்.”

மாமி கோப்பையின் மூடியைத் திறந்தாள்.

“அதில இல்ல” என்றாள் சுலோஜனா.

எழுந்து அறைக்குள் போனாள். படத்துக்கு முன் குனிந்து, இலையின் ஓரத்திலிருந்து நாலைந்து பருக்கைகளை எடுத்தாள். அங்கேயே நின்று உறையின் விளிம்பில் வைத்து நசுக்கி, விரலால் தேய்த்து ஒட்டினாள். ஒரு பருக்கை விரலில் மிஞ்சியது. அதை வாயில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்ற மாமி கோப்பையைத் திரும்ப மூடினாள்.

தபாற்கந்தோரில் அந்த நேரத்தில் வேறு ஆளில்லை. முத்திரை ஒட்டக் கடிதத்தை வாங்கிய பொடியன் அதைத் திருப்பிப் பார்த்தான்.

“பின்பக்கம் இன்னம் ஈரமா இரிக்கு அக்கா.”

“காயும்” என்றாள்.

அவன் முத்திரையை ஒட்டி, அதன்மேல் தேதி முத்திரையைக் குத்தினான். பிறகு உறையைக் கவிழ்த்து வைத்து, ஒட்டின இடம் பிரிந்துவிடாமல், முத்திரைக் கட்டையை அதன்மேலேயே பாரமாக வைத்தான்.