தல்காப் பறிபோன பின்பு

குடும்பப் பெயர் பதிய வந்த அதிகாரி மிர்சா ஃபத்துல்லா, திரும்பும்போது தல்காப் ஊரின் பெயரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஈரானில் ஆளுக்கொரு குடும்பப் பெயர் வேண்டுமென்று சட்டம் வந்த காலம். ஊருக்கெல்லாம் பெயர் எழுதிய அந்த மகானுபாவருக்குத் தனக்கென்று ஒன்று வாய்க்கவில்லை. "தல்காப்! பழைய பாரசீக அரசர்கள் வைத்த பேராக்கும்!" என்று சப்புக்கொட்டினார். அரசனாவது ஆட்டுக்குட்டியாவது! எவனோ ஒட்டகக்காரன் கிணற்று நீரைக் காறித் துப்பி, 'கசப்புத் தண்ணீர்' என்று வைதான், அதுதான் தல்காப். யாராவது ஒன்றைப் புகழ்ந்தால் 'உங்களுக்கே' என்று நீட்டுவதும், புகழ்ந்தவர் பதறி மறுப்பதும் அந்தச் சீமை மரியாதை. அதிகாரி என்றாலே கூழைக்கும்பிடு போடும் ஊர்த்தலைவர் இஸ்கந்தர், "உங்களுக்கு இல்லாததா ஐயா? எடுத்துக்குங்க," என்றார். அந்த வெட்கங்கெட்ட ஜென்மம் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அதிகாரி வீட்டுத் தண்ணீர் கசந்தது, பெருமையாகக் குடித்தார்.

ஊரில் அந்தச் சொல் எவர் வாயிலும் வரவில்லை. பெயரில்லாத ஊருக்குப் பாதை ஏது? வெளியே போனவர்கள் திரும்ப வழி தெரியாமல் அலைந்தார்கள். யஸ்த் நகரத்துக்கு மாதுளை ஏற்றிப்போன யாதுல்லாவும் கழுதைகளோடு ஊரைச் சுற்றிச் சுற்றியே வந்தான். அவன் மனைவி காவர் வயிறெரிந்து இஸ்கந்தர் வாசலில் நின்றாள்.

"உன் வீட்டுக் கோழியக் குடுக்கிறதுதானே? ஊர்ச் சொத்துன்னா மட்டும் கை நீளுதோ?"

"மரியாதைக்குச் சொன்னேம்மா..."

"மரியாதையாம்! என் புருஷன் தெருநாயா அலையுறான்!"

மூன்று குளிர்காலம் போயிற்று. ஒருநாள் யாதுல்லா வயலுக்கு அப்பால் நின்று, அவளையே அடையாளம் தெரியாமல், "இது எந்த ஊரும்மா?" என்று கேட்டான். காவருக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

"காவர் இருக்கிற ஊருய்யா! வாயத் திறந்து சொல்லு!"

வீட்டுப் பெண்ணின் பெயரை வெளியில் சொல்வது ஆண்பிள்ளைக்கு இழுக்கு. யாதுல்லா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "காவர்," என்று முணுமுணுத்தான். காலடியில் பாதை வந்தது.

அதன்பின் மீசைக்காரர்கள் அத்தனை பேரும் அவள் பெயரைச் சொல்லித்தான் வீடு சேர்ந்தார்கள். வரிக்காரர்களும் வரைபடக்காரர்களும் 'காவராபாத்' என்றே எழுதினார்கள். சந்தைக்குப் போன இஸ்கந்தர் மட்டும், பொம்பளை பேரைச் சொல்ல மாட்டேனென்று ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். இருபது வருஷமாக நிற்கிறார். அவருக்கு ரொட்டி காவர் வீட்டிலிருந்துதான் போகிறது.