சாரதித் திலகத்தின் மாற்றல்

எங்கள் டிப்போவில் நோட்டீஸ் போர்டைத் தினமும் படிக்கும் ஒரே ஆள் என் பஸ் டிரைவர்தான். மற்றவர்கள் அதன்மேல் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்கள். அவர் காலை ஐந்தரைக்கே வந்து மாற்றல் பட்டியலைப் பார்ப்பார். தன் பெயர் இல்லையென்றதும், "சரி, நாளைக்கு வரும்" என்பார். நான்கு வருஷமாக இதே கதை. அதனால் டிப்போ முழுக்க அவர் 'நாளைக்காரர்'. பிறகு ஸ்டியரிங் முன் உட்கார்ந்து ஒரு நிமிஷம் கண்மூடிக் கும்பிடுவார். கண்டக்டரான நான் அந்த நேரத்தில் கொட்டாவி விடுவேன். அவரவர் வழிபாடு அவரவருக்கு.

அவர் மனைவியும் மகளும் எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருந்தார்கள். அவர் கிளம்பி வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்த பெண் இப்போது ஃபோனில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். இவர் அறையில் ஒரு பாயும் ஒரு பெட்டியும்தான். கட்டில் வாங்கச் சொன்னால், "கிளம்புற நேரத்துல யாருண்ணே அதைத் தூக்கிட்டு அலையறது?" என்பார்.

மேனேஜர் அவர் பக்கம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விண்ணப்பத்தோடு தானே எழுதிய ஒரு சிபாரிசுக் கடிதம் வைத்து அனுப்புவார். கடிதம் எழுதுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். மிஞ்ச யாரும் முயலவில்லை என்பது வேறு விஷயம்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இதுல சார் என்ன கேக்குறாருன்னு உங்களுக்காவது புரியுதா?"

வாங்கிப் படித்தேன். 'விடியலை எழுப்பும் இச்சாரதித் திலகம் இன்றி எம் பணிமனையின் சக்கரங்கள் சுழல மறுக்கும்.' மூன்று பக்கம். மாற்றல் என்ற சொல் கடைசி வரியில் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு கோப்பு. மேலே மேனேஜர் 'பாராட்டுகள்' என்று எழுதியிருந்தார். உள்ளே தலைமை அலுவலகம் அனுப்பிய ஏழு பதில்கள். ஏழும் ஒன்றேதான்: 'இத்தனை அவசியமானவரை மாற்ற இயலாது.'

டிரைவரிடம் காட்டினேன். படித்தார். திரும்பவும் படித்தார்.

"நாலு வருஷமா கும்பிட்டீங்களே, உங்க சாமி என்ன பண்ணிட்டிருந்தாரு?" என்றேன்.

"அவரு என்னண்ணே பண்ணுவாரு? நான் ஒண்ணு கேக்குறேன், மேனேஜர் வேற கேக்குறாரு. மேனேஜருது மூணு பக்கம்."

இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம்.

"தலைமை அலுவலகமே உங்களை விட மனசில்லன்னு எழுதுது. எப்பேர்ப்பட்ட பெருமை?" என்றார் மேனேஜர்.

"பெருமைதான் சார். என் பொண்ணுக்கு என் முகம் மறந்துபோச்சு."

மேனேஜர் பேனாவை மூடினார். பிறகு திறந்து என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன்: 'இவர் நல்ல டிரைவர். இவர் போனால் இன்னொரு நல்ல டிரைவர் வருவார். குடும்பத்தோடு இருக்க மாற்றல் தரவும்.'

"இதுல உயிரே இல்லையேப்பா. ஒரே ஒரு அடைமொழி?"

"வேணாம் சார்" என்றார் டிரைவர்.

பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

இருபது நாளில் பதில் வந்தது. 'இடம் காலியானதும் பரிசீலிக்கப்படும்.' எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"வரும்னு சொல்லலையே" என்றேன்.

"முடியாதுன்னும் சொல்லலையேண்ணே. இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவை."

உடனே மகளுக்கு ஃபோன் போட்டார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க. நான் சொன்னா வழக்கம்போலன்னு நினைச்சுக்குவா."

படித்தேன்.

"அப்படின்னா அப்பா வருவாரா, பெரியப்பா?"

கடிதத்தில் இருந்த அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தைந்து வருஷம் அலுவலகக் கடிதம் பார்த்தவன்.

"வருவாரும்மா" என்றேன்.

பேசியது நான்தானா என்று டிரைவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.