சட்டைப் பைக்குப் போன கரித்தூள்

தான் ஊதிவிடும் கரித்தூள், தான் சொல்கிற சட்டைப் பைக்குள்தான் போய் உட்காரும் என்று 1978-இல் திருச்சிக் கொதிகலன் ஆலையொன்றின் கேன்டீனில் இன்ஜினியர் அற்புதசாமி அறிவித்தார். அதுவும் இடது பை. ஒரு சிட்டிகை வெளியே சிந்தாதாம்.

ஆலையில் ஃபிட்டர் வேலை பார்த்த அப்துல் சலாம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தூளுக்கு விலாசம் எழுதிக் குடுத்திருக்கீங்களா சார்?"

"குடுத்திருக்கேன் பாய். சகாயநாதன் சட்டை."

சகாயநாதன் அற்புதசாமிக்கு மேலதிகாரி. அடுப்புக்குள் கரித்தூளைக் காற்றோடு ஊதும் நாசில் குழாயில் ஒவ்வொரு துகளும் எந்த வழியில் பறக்கும் என்று அற்புதசாமி கணக்குப் போட்டிருந்தார். எட்டு மாதம், ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, கணக்கைத் துளைகளாகப் பதித்த நானூறு அட்டைகளைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி, ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டரிடம் போனார். அது முதல் பக்கத்தைத் துப்புவதற்குள் சமயபுரத்துக்கு நடந்தே போய்த் திரும்பிவிடலாம். அந்தக் கணக்கை சகாயநாதன் மெட்ராஸில் ஒரு மாநாட்டில் தன் பெயரில் படித்துக் கைதட்டு வாங்கி வந்தார். நன்றி சொன்ன இடத்தில் டைப்பிஸ்ட் பெயர் இருந்தது, அற்புதசாமி பெயர் இல்லை.

அடுத்த நாசிலுக்கும் அட்டைக்கட்டைத் தன் மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் சகாயநாதன். அற்புதசாமி பவ்யமாக வைத்தார். துகளின் எடையைச் சொல்லும் ஒரே ஓர் அட்டையை மட்டும் மாற்றியிருந்தார். புது அட்டையில் தசமப் புள்ளி ஆறு இடம் தள்ளியிருந்தது. அந்த எடைக்கு முன்னால் இலவம்பஞ்சு இரும்புக் குண்டு. அத்தனை லேசான தூள், காற்று திரும்பும் பக்கமெல்லாம் நாய்க்குட்டி மாதிரி கூடவே திரும்பும். உழைத்தவனாக இருந்தால் முதலில் அந்த அட்டையைத்தான் பார்ப்பான். சகாயநாதன் பார்க்கவில்லை, கட்டை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பினார்.

புது நாசிலின் சோதனையைப் பார்க்க டெல்லியிலிருந்து வல்லுநர்கள் வந்தார்கள். நாசிலின் வாயில் பக்கக் காற்று அடித்து மொத்த ஓட்டத்தையும் வலப்புறம் திருப்பும், தூளும் கூடவே போகும் என்று விளக்கிய சகாயநாதன், வெள்ளை சஃபாரிச் சட்டையில் நாசிலுக்கு நேர் எதிரே போய் நின்றார். தன் மேல் ஒரு புள்ளி விழாது என்றார்.

அற்புதசாமி சலாம் பக்கம் குனிந்தார். "நாசில் ஸ்டாண்டை மூணு அங்குலம் ஏத்துங்க பாய்." சலாம் சிரித்துக்கொண்டே ஏற்றினார்.

காற்றைத் திறந்தார்கள். காற்று வலப்புறம் திரும்பி வல்லுநர்களின் தாள்களைப் பறக்கடித்தது. தூள் திரும்பவில்லை. எடையுள்ள தூள், நேராகச் சகாயநாதன் பக்கம் போய்விட்டது.

துகளுக்கு என்ன எடை போட்டீர்கள் என்று டெல்லிக்காரர் கேட்டார். சகாயநாதன் சட்டைப் பையிலிருந்து அறிக்கையை உருவினார். அவர் பெயர் இருந்த இடம் முழுக்கக் கரி. அற்புதசாமி தன் பையிலிருந்து அசல் அட்டையை எடுத்து நீட்டினார்.

"எடை இதுல இருக்குங்க. கணக்கு என்னுது."

புது அறிக்கை அற்புதசாமி பெயரில் போனது. கேன்டீனில் அதைக்கூட நம்பினார்கள், பை விஷயத்தைத்தான் ஒருவரும் நம்பவில்லை. எல்லோரும் சலாமைப் பார்த்தார்கள். சகாயநாதன் அந்தச் சட்டையை உதறக் கொடுத்தது அவரிடம்தான்.

சலாம் டீயை ஆற்றினார்.

"இடது பையில ரெண்டு ஸ்பூன் இருந்துச்சு," என்றார். "வெளியில ஒரு புள்ளி இல்ல. நான்தான் உதறினேன்."