கடலுக்கும் ஒரு பிடி

ஓலைத்தொடுவாய் மீனவர் சங்கத்தில் நான் பொருத்திய திரை, மூன்று நாளாக மத்தியானம் ஆனதும் அசையாமல் நின்றுபோனது. எந்தெந்தப் படகு கடலில் நிற்கிறது என்று காட்டவேண்டிய திரை அது. அதுவரை படகுக் கணக்கைக் கொப்பியில் எழுதிவந்த சங்கத் தலைவர் அம்புறோஸ் அண்ணை வெள்ளிக்கிழமை வரைதான் தவணை தந்திருந்தார்.

"வெள்ளியும் நிண்டுதெண்டால் கழட்டிக்கொண்டு போ பிள்ளை. என்ர கொப்பி ஒருநாளும் நிண்டதில்லை."

நான் எழுதிய முறை இதுதான். கடலுக்குப் போகும் படகுக்குக் கணினியின் நினைவகத்தில் ஓர் இடம். யாராவது தம் போனில் அந்தப் படகின் பக்கத்தைத் திறந்தால் அந்த இடத்தின்மேல் ஒரு பிடி. பார்த்து முடித்து 'நீக்கு' என்ற பொத்தானை அமத்தினால் அந்தப் பிடி குறையும். பிடி பூச்சியமானால் இடம் காலியாகும்; காலியாகாமல் சேர்ந்துகொண்டே போனால் நினைவகம் நிரம்பித் திரை நின்றுவிடும்.

வியாழன் காலை பார்த்தேன். 'அலங்கார மாதா' படகில் மட்டும் நாற்பத்தொரு பிடி. அத்தனையும் எடித் அக்காவின் போனிலிருந்து. அது அவர் கணவர் றொகானின் படகு. அக்கா கரையில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பாத்து முடிஞ்சால் சிவப்புப் பொத்தானை அமத்திறேல்லையோ?"

"மனிசன்ர வள்ளத்துக்குப் பக்கத்தில 'நீக்கு' எண்டு போட்டு வச்சிருக்கிறாய். அதை நான் அமத்திறதோ? உனக்கென்ன விசரோ?"

பக்கத்தில் நின்ற, இன்னொரு படகுக்காரரின் மனைவி சுவேதினி சிரித்தாள். "ஒருத்தரும் தொடேல்லை றெபேக்கா. என்ர சின்னவன் தெரியாமல் அமத்திப்போடுவான் எண்டு நான் போனையே குடுக்கிறேல்லை."

என் அப்பாவும் வங்காலையில் கடற்றொழில் செய்தவர். எனக்கே இது தோன்றியிருக்க வேண்டும். பொத்தானை எடுத்துவிட்டு, பக்கத்தை மூடினாலே பிடி குறையும்படி மாற்றி, பின்னேரம் அக்காவுக்குக் காட்டினேன். அவர் யோசித்தார்.

"நானும் மூடி, வேற ஒருத்தரும் பாக்காட்டில் பேர் போயிடுமோ?"

"ஓம்."

"பாக்க ஆளில்லாட்டியும் அவர் கடலிலதானே பிள்ளை நிப்பார்?"

திரை நின்றுபோவதைவிட இது மோசம். பார்ப்பவர்களை நம்பியிராத ஒரு பிடி படகுக்கு வேண்டும். அதை எப்போது விடுவது?

அம்புறோஸ் அண்ணையிடம் கேட்டேன். படகுகளில் கழற்றி மாட்டும் எஞ்சின்கள் இரவில் கரையிலிருந்த அவர் வாடிக் கொட்டிலில்தான் இருக்கும். காலையில் தோளில் தூக்கிப் போவார்கள், கரைக்கு வந்ததும் கொண்டுவந்து வைப்பார்கள்.

"எஞ்சின் உள்ளுக்கு வராமல் ஒருத்தன் வீட்டை போகேலாது," என்றார். "போக விட்டால்தானே!"

அதையே எழுதினேன். எஞ்சின் வெளியே போனால் கடலுக்கு ஒரு பிடி. உள்ளே வந்து அண்ணை அடையாளமிட்டால் அது விடுபடும்.

வெள்ளி மத்தியானம் அண்ணை கதிரையைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரை நிற்கவில்லை. எஞ்சின்கள் வர வரப் பெயர்கள் போயின. மூன்று மணிக்கு 'அலங்கார மாதா' மட்டும் மிஞ்சியது. எடித் அக்கா விறுவிறுவென்று வந்தார்.

"கடைக்குப் போகேக்க போனை மூடிப்போட்டன். பேர் நிக்குதோ?"

நின்றது. பக்கத்தில் 'பிடி 1' என்று காட்டியது.

"ஆற்ற பிடி அது?"

"கடலின்ர."

"வச்சிருக்கட்டும். எஞ்சினைத் திருப்பித் தந்தால் சரி," என்றார் அண்ணை.

சற்று நேரத்தில் றொகான் அண்ணை எஞ்சினோடு வந்தார். அம்புறோஸ் அண்ணை அடையாளமிட, பெயர் மறைந்தது. எடித் அக்கா அதைப் பார்க்கவேயில்லை. பிந்தி வந்ததற்குக் கணவருக்கு ஏச்சு நடந்துகொண்டிருந்தது.

"சரி, திரை இருக்கட்டும் பிள்ளை," என்றார் அம்புறோஸ் அண்ணை.

அக்கா ஒரு பையில் நண்டு போட்டுத் தந்தார். ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. பஸ்ஸில் பையைக் கீழே வைத்து, வங்காலை வரும்வரை என் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன்.