மாடியில் கேட்ட பேச்சு

பதினோரு வருடம் மாலத்தீவில் வேலை பார்த்துவிட்டு 2024 தை மாதம் சேரப்பணஞ்சேரிக்கு வந்திறங்கிய இசக்கிதுரை அண்ணாச்சி தரைத்தளத்தில் பேசினால், அது முதல் மாடியில்தான் கேட்டது. வார்த்தைகள் அவர் வாயிலிருந்து குமிழிகளாக வந்தன. ஒற்றைச் சொல் கோலிக்குண்டு அளவு, முழு வாக்கியம் பரோட்டா அளவு. வீட்டுக்குள் பேசினால் உடையாமல் கூரையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டன. முற்றத்தில் பேசினால் தள்ளாடித் தள்ளாடி ஏறி, பதினாறு அடி உயரத்தில் உடைந்து, உடைந்த இடத்தில் மட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பதினாறாவது அடியில் எங்கள் அறையின் ஜன்னல் இருந்தது. பக்கத்து ஒரகடத்தில் மூன்று கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் தெற்கத்திப் பிரம்மச்சாரிகள் ஐந்து பேர் அந்த அறையில் இருந்தோம். இந்தச் சரித்திரத்தை எழுத எங்களைவிடத் தகுதியில்லாதவர்கள் கிடையாது. ஆனால் காதில் விழுந்தது எங்களுக்குத்தான்.

வீட்டுக்காரம்மா பாப்பம்மாள் முதல் குமிழியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா இப்போ? போன மாசம் போருல செம்மண் தண்ணியா வந்துச்சு, பத்து நாள்ல சரியாவல? அதும்மாதிரி இதுவும் பூடும்" என்று சொல்லி மோட்டாரைப் போடப் போனார்.

அண்ணாச்சி கடலுக்குப் போனதே ஒரு தவறினால்தான். திருவைகுண்டத்துப் பக்கம் பிறந்து, ஒரகடத்தில் கார் சீட் கம்பெனியில் ஏர் கம்ப்ரஸர் ஓட்டிக்கொண்டிருந்தவர். வெளிநாட்டுக்குக் கம்ப்ரஸர் ஆபரேட்டர் வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் சொன்னதும், அங்கேயும் ஒரு கார் கம்பெனி இருக்கும் என்று நம்பி, சேஃப்டி ஷூவும் ஹெல்மெட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். இறங்கிய தீவைச் சுற்றி வர இருபது நிமிடம் ஆனது. அங்கே கம்ப்ரஸர், கடலுக்குள் மூழ்குகிறவர்கள் முதுகில் சுமக்கும் சிலிண்டரில் காற்றடைக்க இருந்தது. இரண்டு வருடம் காற்றடைத்தார். மூன்றாம் வருடம், அடைக்கிற காற்று எங்கேதான் போகிறது என்று பார்க்கத் தண்ணீருக்குள் இறங்கினார். ஐந்தாம் வருடம் ஸ்கூபா பயிற்சியாளர் ஆனார். எட்டாம் வருடம் பயிற்சியாளர்களையே உருவாக்குகிற பயிற்சியாளர் ஆனார். எங்கள் கணக்கில் சொன்னால், சூப்பர்வைசர்களுக்குப் பாடம் எடுப்பவர். அப்படி ஒருவர் எங்கள் கம்பெனிகளில் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் எங்கள் சூப்பர்வைசர்கள் இப்படி இருக்கமாட்டார்கள்.

இந்தப் பதினோரு வருடமும் அவர் மனைவி மாரிசெல்வி அக்கா தரைத்தளத்து அறையில் இருந்துகொண்டு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தார். தினமும் போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, வெயில். பிற்பாடு, இன்றைக்கு என்ன பாடம், மூச்சை அடக்காதே. அதற்கு மேல் சொல்ல இருந்ததையெல்லாம் அண்ணாச்சி கடலுக்குள் போய், வாயில் கடித்த குழாய் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. அங்கே யாருக்கும் கேட்காது என்ற தைரியம். பழக்கம் ஒட்டிக்கொண்டது.

வந்த அன்றே அக்கா கேட்டுவிட்டார். செல்போன் கம்பெனியில் அக்காவை ஓசூர் பிளான்ட்டுக்கு லைன் லீடராக வரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "லீவுல வந்தியளா, மொத்தமா வந்தியளா? அதச் சொல்லுங்க. மொத்தமான்னா நான் இங்கன இருக்கேன். லீவுன்னா ஓசூருக்குப் போறேன், ஒங்களுக்காக இனி ஒரு வாசல்ல காத்துக் கெடக்க ஏலாது." அண்ணாச்சி பதில் சொன்னார். அது கூரையில் ஒட்டிக்கொண்டது. எழுதிக் காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள்; நாங்களும் கேட்டோம். எழுதினார். தண்ணீருக்குள் சிலேட்டில் எழுதியே பழகிய கை, 'காற்று எவ்வளவு? சரியா? மெதுவாக ஏறு' என்றுதான் எழுதியது. "நான் என்ன ஒங்ககிட்ட ட்ரெயினிங்கா எடுக்க வந்தேன்?" என்று அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தார். வாட்ஸப் என்று எங்களில் ஒருவனான பெருமாள்சாமி வாயெடுத்ததற்கு, "பதினோரு வருசம் போன்லயே குடும்பம் நடத்தியாச்சுடே. இனி வாயாலதான்" என்றார் அக்கா.

ஆகவே ஊர் நன்மைக்காக நாங்கள் தபால்காரர்கள் ஆனோம். அண்ணாச்சி முற்றத்தில் நின்று பேசுவார், எங்கள் ஜன்னலில் உடையும், ஒருவன் இறங்கிப் போய் அக்காவிடம் சொல்ல வேண்டும். ஏற்பாட்டில் குறையில்லை. குறை ஆட்களிடம்தான். செவ்வாய்க்கிழமை உடைந்த முதல் குமிழியில் இது இருந்தது: "முப்பது மீட்டர் ஆழத்துல ஒரு நாள் ஒன் நெனப்பு வந்து அழுதுட்டேன் செல்வி. முகக்கண்ணாடிக்குள்ள கண்ணீர் தேங்கிப் போச்சு. கண்ணாடியத் தூக்கி மூக்கால ஊதி வெளியேத்துனேன். நாலு பயலுவ படிக்க வந்திருந்தானுவ. அதுவும் பாடம்னு நெனச்சு நாலு பேரும் அப்படியே செஞ்சு காட்டுனானுவ. நான் எல்லாருக்கும் பாஸ் போட்டேன்." பெருமாள்சாமி அதை மனப்பாடம் செய்துகொண்டு இறங்கினான். பத்தாவது படியோடு மனப்பாடம் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு பெண்ணிடம் பஸ் எத்தனை மணிக்கு என்பதற்கு மேல் பேசாதவன். "அக்கா, அண்ணாச்சிக்குக் கண்ணாடி தொடைக்கணுமாம்" என்றான். அக்கா ஒரு பழைய துணியைக் கொடுத்தார்.

புதன்கிழமை, காதலித்த அனுபவசாலி வேண்டும் என்று எங்களில் மணிகண்டபிரபுவை அனுப்பினோம். அவனுடைய அனுபவம் ஒட்டுமொத்தமாகப் போனில் நடந்தது என்பதை யோசிக்கவில்லை. அக்கா தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசம் சிலிண்டர் காற்றுக்குள் எப்படி வந்தது என்று அண்ணாச்சி மூன்று பரோட்டா நீளத்துக்குப் பேசியிருந்தார். பிரபு கீழே போய், "சமையலுக்கு எண்ணெய் கொஞ்சம் கொறைக்கச் சொன்னாவ" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டான். அன்று சாயங்காலம் அக்கா அண்ணாச்சியின் பெட்டியை எடுத்து வெளியே மோட்டார் ரூம் பக்கம் வைத்தார்.

வியாழக்கிழமை மேலே வந்து உடைந்ததுதான் பதில். "மொத்தமா வந்துட்டேன் செல்வி. அங்க எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். எத்தனையோ பேருக்குத் தண்ணிக்குள்ள பயப்படாம இருக்கச் சொல்லிக் குடுத்தவன், இந்த வாசல்ல நிக்கப் பயமாக் கெடக்கு. நீ வேண்டாம்னுட்டா எங்க போவேன்?" இதை வாயால் சொல்ல எங்கள் ஐந்து பேரிலும் ஆள் இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொண்டு, எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினோம். ஷிப்ட் மாறும்போது அடுத்தவனிடம் ஒப்படைக்கிற தாளைப் போலக் கட்டம் போட்டு எழுதினோம். நிலுவை: கணவர். நிலைமை: மொத்தமாக வந்தாயிற்று. பழுது: பயம். நடவடிக்கை: அக்கா. கீழே ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம்.

வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பி நின்ற அக்கா அதைப் படித்தார். ஓசூருக்குச் சம்மதம் என்று எழுதிய தாளும் கையில் இருந்தது.

"என்னடே இது, அவுக சொன்னதா? நீங்களா ரிப்போர்ட் எழுதுனதா?"

"அவுக சொன்னதுதான் அக்கா. நாங்க கொஞ்சம் சுருக்கிட்டோம்."

"அன்னைக்குக் கண்ணாடி தொடைக்கணும்னியே, அதுவும் சுருக்குனதா?"

பெருமாள்சாமி தரையைப் பார்த்தான். "அழுதாவளாம் அக்கா. கடலுக்குள்ள. ஒங்கள நெனச்சு."

அக்கா எங்களை விலக்கிவிட்டு மாடி ஏறினார். எங்கள் அறைக்குள் அதுவரை பாப்பம்மாளே வந்ததில்லை. கொடியில் காய்ந்த ஐந்து பேர் மானத்தையும், கழுவாத சட்டியையும், பத்துக் கால் ஷூவையும் தாண்டி ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். முற்றத்தில் தன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எழுந்தார்.

"இப்பச் சொல்லுங்க."

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு நின்றார். கன்னம் உப்பியிருந்தது. கடலுக்குள் முதல் பாடம், எது நடந்தாலும் மூச்சை அடக்காதே என்பது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதைச் சொன்னவர், எங்கள் கண்ணெதிரே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மூச்ச அடக்காதிய" என்றார். "பாடம் எடுக்க ஆரம்பிச்சதுலேந்து போன்ல இதத்தான சொன்னிய, அங்க உள்ளவனுவளுக்குச் சொல்லிக் குடுத்தத. விடுங்க."

விட்டார். முதல் குமிழி கம்பியில் பட்டு உடைந்தது. அதில் 'செல்வி' மட்டும் இருந்தது. பின்னால் வரிசையாக வந்தன. நாங்கள் படிக்கட்டில் நின்று காதைப் பொத்திக்கொண்டோம். ரொம்ப அழுத்திப் பொத்தவில்லை. இரண்டு மணி ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஓசூர்த் தாளை அக்கா எப்போது கிழித்தார் என்று பார்க்கவில்லை. சாயங்காலம் எங்கள் அறையைப் பெருக்கியபோது துண்டுகள் கிடந்தன.

செம்மண் தண்ணீர் சரியானது போல இது சரியாகவில்லை. அண்ணாச்சி இப்போது பழைய கம்பெனியிலேயே கம்ப்ரஸர் ஓட்டுகிறார். சத்தத்தில் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள் என்பதால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டலம் பக்கத்துக் கல்லூரி நீச்சல் குளத்தில் பாடம் எடுக்கிறார். மாடி அறையையும் அவர்களுக்கு விட்டுவிட்டு, நாங்கள் கீழே அவர்களுக்குப் பக்கத்து அறைக்கு மாறிவிட்டோம். சண்டையோ சமாதானமோ, அக்கா மாடிக்குப் போய் ஜன்னலைத் திறப்பார், அண்ணாச்சி முற்றத்துக்கு வருவார். சில குமிழிகள் காற்றில் வழி தவறி எங்கள் அறைக்குள் வந்து கூரையில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை நாங்கள் உடைப்பதில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதற்குள் அடக்கி, பெருமாள்சாமி மெதுவாகப் படியேறிக் கொண்டுபோய் அக்காவிடம் முழுசாகக் கொடுத்துவிட்டு வருகிறான். இதுவரை ஒன்றே ஒன்றுதான் வழியில் உடைந்தது. அதில் குழம்புக்கு உப்பு போதவில்லை என்று இருந்தது. அதை மட்டும் நாங்கள் அக்காவிடம் சொல்லவில்லை.