அது இருக்கு, மாமி

அனோஜாவுக்கு ஏழாவது பிறந்தநாள் வந்தது. அவளுக்கு ஞானத்தாய் நான். வெறுங்கையோடு போக முடியுமா? ஆனால் எதைக் கொண்டுபோவது? என் தம்பி கஸ்பர் நகரத்துக்கு வெளியே விட்பியில் வாங்கிய புதுவீட்டில் அவளுக்கு ஒரு அறை, அவளுடைய விளையாட்டுச் சாமான்களுக்கு இன்னொரு அறை. போன வருஷம் நான் கொடுத்த பொம்மையை வேறு மூன்று பேரும் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே மலிவு விற்பனைக்குத்தானே ஓடுகிறோம். நான்கும் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே கிடந்தன. பார்த்தபோது எனக்கு வயிறெரிந்தது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. நான் கொடுத்த ஒன்றையாவது இந்தப் பிள்ளை ஆசையாகக் கையில் எடுக்கவேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

பிறந்தநாள் மண்டபச் சோடனைக்கு அலைந்துகொண்டிருந்த பிள்ளையின் தாய், என் மச்சாள் ஜோசப்பின், ஒரு சனிக்கிழமை என்னையும் அனோஜாவையும் காரில் கொண்டுவந்து கடைவாசலில் இறக்கிவிட்டாள். விருப்பமானதைப் பிள்ளையே எடுக்கட்டும் என்பது என் திட்டம். நான் எதைத் தொட்டாலும், "அது இருக்கு, மாமி" என்றாள். கரடி இருக்கு. சமையல் செற் இருக்கு. லைற் எரியும் சப்பாத்தும் இருக்கு. பாவம், பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் கடைக்காரன்மேல் கோபம் கோபமாக வந்தது.

மோர்னிங்சைட்டில் இருக்கும் என் அப்பார்ட்மென்ருக்குத் திரும்ப பஸ் ஏறினோம். பிள்ளை பஸ்சில் ஏறியது அதுதான் முதல்தடவை. ஒரு கிழவர் ஜன்னலோரக் கயிற்றை இழுக்க, மணி அடித்து, பஸ் நின்றது. அனோஜாவின் கண் விரிந்தது.

"மாமி, ஆரும் இழுக்கலாமோ?"

"ஓம், இறங்கிற ஆக்கள் இழுக்கலாம்."

சொல்லி வாய் மூடவில்லை, எழும்பி நின்று இழுத்துவிட்டாள். பஸ் நின்றது. கதவு திறந்தது. நாங்கள் இறங்கவேண்டிய தரிப்பு இன்னும் தூரம். வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். பஸ் ஓட்டுகிற மனிதனை மணியடித்து மறித்துவிட்டு இறங்காமல் இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கொட்டும் பனியில் இறங்கினேன்.

நன்றாக ஏசத்தான் வாயைத் திறந்தேன். அவள் மூக்குச் சிவக்க என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் சொல்ல பஸ் நிண்டது, மாமி. அப்பாட கார் நான் சொன்னா நிக்காது."

மிச்சத் தூரத்தைச் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

பிறந்தநாளன்று மண்டபத்தில் அவளுக்குக் கிரீடம் வைத்துச் சிம்மாசனத்தில் இருத்தியிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக ஏறிப் படம் எடுப்பதும், பரிசுகள் பிரிபடாமல் மேசைக்குப் போவதும்தான் எங்கள் வழக்கம். நான் வழக்கத்தைப் பார்க்கவில்லை. என்னுடையதை அங்கேயே பிரிக்கச் சொன்னேன். வீடியோக்காரர் முகத்தைச் சுளித்தார். உறைக்குள் இருந்தது சிறுவர் பஸ் ரிக்கற் தாள்.

ஜோசப்பின் என் காதுக்குள் குனிந்து, "உது உங்கட பக்கத்துப் பஸ்சுக்குத்தான், விட்பியில செல்லாதே, மச்சாள்" என்றாள்.

தெரியும் என்றேன்.

அனோஜாவின் காதிலும் அது விழுந்தது; கொஞ்சம் யோசித்தாள். பிறகு தாயைப் பார்த்து, "அப்ப நான் மாமி வீட்டைதான் போகவேணும்" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தாளை மேசையில் வைக்கச் சொல்லி எத்தனையோ பேர் அவளைக் கேட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் பிள்ளையின் கையில் அந்த ரிக்கற் தாள் இருக்கிறது.