கல் மாதிரி பிடிக்கும் பசை

அந்தப் படகுத் துறையில் இருபத்திரண்டு மரப்படகுகள் இருந்தன. எல்லாம் பழைய பாய்ப்படகுகள். இன்றைக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் படகை வாங்கித் தண்ணீரில் விட்டால் பத்து வருஷம் ஒன்றும் கேட்காமல் கிடக்கும். மரப்படகு கைக்குழந்தை மாதிரி. வெயிலானாலும் கேட்கும், மழையானாலும் கேட்கும். அதனால்தானோ என்னவோ, அதை வைத்திருந்தவர்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஐம்பது அறுபது வயது மனிதர்கள் பலகைமேல் கன்னத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எங்கே நோகிறது என்று கேட்கிறவர்களைப் போல நிற்பதைப் பார்க்கலாம். நான் அந்தப் பிரியத்தைக் குறை சொல்லமாட்டேன். மரத்தின் வலி தெரிந்தவர்களுக்கு மனிதனின் வலியும் தெரியும் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவர் ஒரு பல் டாக்டர். வரிசையில் முதலில் நின்ற நீண்ட வெள்ளைப் படகு அவருடையது. துறையின் பழைய கிடங்கு மாடியில் ஒரு பெண் பாய் தைத்துக் கொடுத்தாள். கணவன் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஒரு பெரிய தையல் மெஷினும் சுவரில் ஒரு சாமி படமும்தான். எல்லாரும் தையலம்மா என்று கூப்பிடுவார்கள். அவள் பிழைப்பு முழுவதும் அந்த இருபத்திரண்டு படகுகளில் இருந்தது.

இருபத்து மூன்றாவதாக வந்தவர்தான் பஸ்காரர். முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு கோடை தகரக் கொட்டகைக்குள் காய்ந்து கிடந்த ஒரு படகை, கையில் வந்த பணம் முழுவதையும் கொடுத்து வாங்கியிருந்தார். பலகைகள் சுருங்கி, உள்ளே உட்கார்ந்தால் இடுக்குகள் வழியாக வெயில் கோடு கோடாக மடியில் விழும். அவரும் மனைவியும் முதல் நாள் அப்படித்தான் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வந்த மூன்றாவது ஞாயிறு அவர் ஒரு தப்பு செய்தார். தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. டாக்டர் டீ டம்ளரோடு நின்று தன் படகைப் பற்றி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். "இவளுக்கு எண்பது வயசு. இன்னும் உயிரோட இருக்கா. காது வெச்சா மூச்சு விடுறது கேக்கும்" என்றார்.

"எண்பது வயசுல மூச்சு விட்டா விசேஷம்தான் சார்" என்றார் பஸ்காரர். "எங்க டிப்போவுல பன்னெண்டு வயசு வண்டியே மூச்சு வாங்கும்."

பக்கத்தில் நின்ற சங்கத்து வக்கீலுக்குச் சிரித்துச் சிரித்து மூக்கு வழியாக டீ வந்துவிட்டது. மற்றவர்களும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், பல் தெரியாமல். பிறகு சங்க அறையில் அவர் மெதுவாகச் சொன்ன வார்த்தை தையலம்மா காதுவரை வந்தது. டிரைவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அவராக வந்து கேட்கிறவரை யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றாராம்.

இரண்டு வாரத்தில் அவராகவே வந்து கேட்டார்.

கையில் ஒரு பெரிய டப்பா. இடுக்கு அடைக்கிற பசை. அன்று பத்துப் பேராவது அங்கே இருந்தார்கள். தையலம்மா பக்கத்துப் படகின் பாய்மரத்துக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் சார், கடைக்காரர் இது கல்லு மாதிரி பிடிக்கும்னு சொல்றார். இதை வெச்சு அடைச்சா சரியா வருமா?" என்று பஸ்காரர் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விடை தெரியும். காய்ந்த மரம் தண்ணீரில் இறங்கினால் ஊறிப் பருக்கும். இடுக்கில் பஞ்சுத் திரியும் மெழுகு மாதிரி இளகிய பூச்சும் இருந்தால் பலகைகள் ஒன்றோடொன்று நெருங்கி, தானாகவே ஓட்டை அடைபட்டுவிடும். கல் மாதிரி எதையாவது திணித்தால் பலகைக்கு நகர இடமில்லை. அது வெளிப்பக்கம் நெம்பும். பலகைகளைப் பிடித்திருக்கும் விலாக்கட்டைகள் ஒவ்வொன்றாக முறியும்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் மேல் எழுதியிருந்ததை முழுவதும் படித்தார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நல்லா ஆழமா அடைங்க டிரைவர். காத்துகூடப் போகக்கூடாது."

வக்கீல் திரும்பி கடலைப் பார்த்தார். இன்னொருவர் செருப்பைத் தட்டினார். தையலம்மா அளவு நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு பஸ்காரர் டப்பாவோடு போனார்.

பத்தொன்பது நாள் அவர் அடைத்தார். நுனி மெல்லிய கரண்டியால் அழுத்தி, வழித்து, மறுபடி அழுத்தி. அவர் மனைவி பின்னாலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருவாள். ஞாயிறு தோறும் சங்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். யார் யாரிடம் என்ன பேசினார்களோ தெரியாது. ஒருவர்கூட அந்த மனிதரிடம் சொல்லவில்லை.

தையலம்மாவும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தாள். டாக்டர் சொன்னதை மாற்றிச் சொன்னதாகத் தெரிந்தால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பயம். சாயங்காலம் விளக்கேற்றும்போது அந்தப் படகுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். கீழே இறங்கப் பதினாலு படி. அந்தப் பதினாலு படியை இறங்கித் தானே செய்துவிடக்கூடிய ஒன்றை அவள் ஆண்டவனிடம் விட்டாள். நாம் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது.

ஒருநாள் பஸ்காரர் மனைவி பூப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். படகுச் சன்னல்களுக்கு ஆறு சின்னத் திரை வேண்டும். துணியை விரித்தபடியே, வாடகை வீட்டைக் காலி செய்தாகிவிட்டது, சாமானெல்லாம் கொடுத்துவிட்டு இரண்டு டிரங்குப் பெட்டிதான் மிச்சம், படகு தண்ணீரில் இறங்கும் நாளிலிருந்து அதுதான் வீடு என்று சொன்னாள். "அவர் ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்காக முப்பத்தோரு வருஷம் சன்னல்லயே உக்காந்திருந்தேன். இனிமே சன்னல் என்கூட வரப்போகுது" என்றாள்.

சொல்லிவிடு என்று தையலம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் திரைகளை அன்றே தைத்து, ஓரத்தில் சின்னதாக மடிப்பு வைத்து, காசு வேண்டாம் என்று கொடுத்தாள். பஸ்காரர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. தையலம்மாவுக்கு அன்று ராத்திரி கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்தைத்தான் நான் அவள் கணக்கில் பெரிய குற்றமாக நினைக்கிறேன்.

மராமத்து முடிந்து, கரையில் நின்ற படகுகளெல்லாம் தண்ணீரில் இறங்கின. ஒவ்வொரு வருஷமும்போல முதல் நாள் எல்லாப் படகும் ஒழுகியது. மரம் ஊறுகிறவரை ஒழுகத்தான் செய்யும். பஸ்காரர் படகில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. அவர் அதற்காக யாரையும் ஏளனம் செய்யவில்லை. இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு படகிலும் ஏறித் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். டாக்டர் படகில்தான் அதிகத் தண்ணீர். அங்கே மத்தியானம் முழுவதும் முழங்கால் நனைய நின்று இறைத்தார். அவர் மனைவி டீயும் ரொட்டியும் கொண்டுவந்து டாக்டருக்கும் கொடுத்தாள்.

"கவலைப்படாதீங்க சார். அடுத்த வருஷம் உங்களுக்கும் நானே அடைச்சுத் தர்றேன்" என்றார் பஸ்காரர்.

"சரி" என்றார் டாக்டர். டீயைக் குடித்தார்.

அப்போதும் நேரம் இருந்தது. அன்றே படகைத் தூக்கி, பசையைச் சுரண்டி எடுத்திருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் அதைச் சொல்வதற்கு, பத்தொன்பது நாள் சும்மா இருந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தனக்குத் தண்ணீர் இறைத்தவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல டாக்டரால் முடியவில்லை. அந்த மனிதரின் நல்ல குணமே டாக்டரின் வாயை அடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் தையலம்மா படி இறங்கினாள். பசையை எடுத்துவிடுங்கள், மரம் ஊறினால் உள்கட்டை உடையும் என்றாள். பஸ்காரர் தரைப்பலகையைத் தூக்கி அடியைக் காட்டினார். தூசி பறந்தது.

"டாக்டரே பாத்துச் சொன்னது தங்கச்சி."

"டாக்டர் தெரியாம சொல்லியிருப்பார்" என்றாள். டாக்டர் பொய் சொன்னார் என்று அவள் நாக்கில் வரவில்லை.

"டாக்டருக்குத் தெரியாததா?" என்று அவர் அன்பாகச் சிரித்தார். அவளுக்கு ஒரு டம்ளர் டீயும் கொடுத்து அனுப்பினார்.

நாலாம் நாள் மத்தியானம் முதல் கட்டை முறிந்தது. யாரோ விரலைச் சொடுக்கினதுபோல இருந்தது என்று பஸ்காரர் மனைவி பிறகு சொன்னாள். பாய்மரத்தில் கயிறு ஏதோ அறுந்தது என்று அவர் மேலே போய்ப் பார்த்தார். அவர் மேலே இருக்கும்போதே இரண்டாவது. மறுநாள் விடியும்போது பத்தொன்பது. பலகைகள் பிதுங்கி, பசை பாளம் பாளமாக வெளியே தள்ள, தண்ணீர் உள்ளே வந்தது. துறையின் கிரேன்காரர் ஓடிவந்து படகைத் தூக்கிக் கரையில் வைத்தார். வயிறு வீங்கின மாடு மாதிரி அது நின்றது. கிரேன்காரர் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் சங்கத்தைச் சேர்ந்தவர் இல்லை. எதையும் மறைக்கத் தெரியாதவர்.

"எவன்யா இப்படி அடைக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

பஸ்காரர் டாக்டரைப் பார்த்தார். கோபமாக அல்ல. பாதை மறந்துபோன ஓட்டுநர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதுபோல. மற்றவர்கள் அவரவர் படகைப் பார்த்துக்கொண்டார்கள்.

"மரப்படகுன்னா கொஞ்சம் அடிபட்டுத்தான் கத்துக்கணும் டிரைவர்" என்றார் டாக்டர். "அடுத்த தடவை தெரியும்."

"எங்களுக்கு அடுத்த தடவை கிடையாது சார்" என்றாள் பஸ்காரர் மனைவி. "வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டோம்."

டாக்டருக்கு அது தெரியாது. அவர் முகம் வெளுத்ததை நான் சொல்லாமல் விடக்கூடாது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நோயாளி காத்திருப்பதாகச் சொல்லிக் காரில் ஏறிப் போய்விட்டார்.

தையலம்மா அவர்களை மாடிக்குக் கூட்டிப்போனாள். மெஷினை ஒதுக்கி, பாய்த்துணிகளை அடுக்கி, இரண்டு பேர் படுக்க இடம் செய்தாள். பஸ்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்தார். அவர் மனைவி உட்காரவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

தையலம்மாவுக்குப் பொய் சொல்ல இடம் இருந்தது. "அவர் டப்பாவைக் காட்டின அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள்.

பஸ்காரர் மனைவி பெட்டியைத் தூக்கிக் கதவுவரை போனாள். படியைப் பார்த்தாள். போக இடமில்லை. திரும்பி வந்து பெட்டியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு பதினோரு வாரம் அவள் தையலம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்தாள், ஒரே விளக்கில் இருந்தாள், தட்டில் பரிமாறினாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அந்த வாரங்களில் சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ரொம்ப மரியாதையாக வந்தார்கள். இவ்வளவு அழகான படகுக்கு இப்படியாகிவிட்டதே என்று உருகினார்கள். அவர்களுக்கு அது நிஜமான துக்கம்தான். பிறகு வக்கீல் பித்தளைச் சன்னல் வளையங்களைக் கேட்டார். அந்தக் காலத்து வார்ப்பு, இப்போது தேடினாலும் கிடைக்காது. இன்னொருவர் விளக்கைக் கேட்டார். டாக்டர் தானே வராமல் ஆள் அனுப்பி, சுக்கான் கைப்பிடியைக் கேட்டார். அந்த வளைவு வேறு எதிலும் இல்லையாம். பஸ்காரர் எல்லாவற்றையும் தன் கையாலேயே கழற்றித் துடைத்துக் கொடுத்தார். டாக்டருக்குக் கொடுத்ததைத் துணியில் சுற்றி, கீறல் படாமல் கொண்டுபோகச் சொன்னார். பிறகு ஒரு பள்ளிக்கூட வண்டி ஓட்டப் போனார்.

ஒருநாள் காலை தையலம்மா புதிதாகத் தைத்த பெரிய பாயைத் தரையில் விரித்து மடிக்கப் பார்த்தாள். அகலம் அதிகம், ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருங்கியது. மூன்று தடவை எழுந்து எழுந்து ஓடினாள். பஸ்காரர் மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் பேசாமல் இரண்டு மடிப்பு மடித்தார்கள்.

"யாரோடது?" என்று கேட்டாள்.

பதினோரு வாரத்துக்குப் பிறகு வந்த குரல். தையலம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு வாத்தியாரோடது. கடைசிக் கொட்டகையில மூணு வருஷமா காஞ்சு கிடந்துச்சே, அந்தப் படகை வாங்கியிருக்கார்."

"இடுக்கு அடைக்க ஆரம்பிச்சிட்டாரா?"

"பாயை முன்னாடியே சொல்லி வெச்சிருந்தார். துறைக்கு நேத்துதான் வந்தார்க்கா. இன்னும் இல்ல."

"நீ சொல்லிட்டியா?"

தையலம்மா தலை குனிந்தாள். பாயை வாங்கிப்போக அவர் வரும்போது சொல்லலாம் என்றிருந்தேன் என்றாள்.

பஸ்காரர் மனைவி தன் முனையைத் தரையில் வைத்தாள். "இப்போ போய்ச் சொல்லிட்டு வா" என்றாள். "இதை அப்புறம் மடிக்கலாம்."

தையலம்மா எழுந்தாள். சன்னல் வழியாகப் பார்த்தால் டாக்டரும் வக்கீலும் டீ டம்ளரோடு கடைசிக் கொட்டகை வாசலில் நிற்பது தெரிந்தது. அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். செருப்பைத் தேடினாள், கிடைக்கவில்லை, வெறுங்காலோடு இறங்கினாள். பஸ்காரர் மனைவி மாடிப்படியின் உச்சியில் வந்து நின்று, அவள் பேசி முடிக்கிறவரை அங்கேயே நின்றாள்.